டாங்கி அளவு மாதிரிகள்

போர் டாங்கிகளைச் சுருங்கிய அளவில் பிளாஸ்டிக் பாகங்களாக வாங்கி, வெட்டி ஒட்டி வண்ணம் பூசும் பொழுதுபோக்கு. 1:35 அளவில் 7 மீட்டர் வண்டி 20 செ.மீ. ஆகும். ஜப்பானின் தாமியா நிறுவனம் தன் பாந்தர் மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கத் தேவைப்பட்ட இடத்தைக் கொண்டே இந்த விசித்திர அளவு பிறந்தது.

இந்தியர் ஒப்பிட ஏற்ற இணை, 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் மோதிய செஞ்சூரியன், பாட்டன் டாங்கிகள். பாட்டனின் உருண்ட உடல் வார்ப்பு எஃகு. அதன் சொரசொரப்பைக் கொண்டுவருவதில்தான் கைத்திறன் தெரியும். செஞ்சூரியனில் பக்கத்தகடுகள் சக்கரங்களின் மேற்பகுதியை மறைப்பதால் வேலை கொஞ்சம் மிச்சம்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. பீரங்கி 105 மி.மீ. பல ஊர்களில் காட்சிக்கு நிற்கும் விஜயந்தாக்களை அளவெடுக்க நம்பலாம், அவற்றின் புதுப் பெயிண்டை அல்ல.