வீட்டில் மெழுகுவர்த்தி செய்தலில் பாதுகாப்பு

வீட்டில் மெழுகுவர்த்தி செய்தலில் பாதுகாப்பு என்பது, மெழுகை உருக்கி அச்சில் வார்க்கும்போது நேரக்கூடிய தீ விபத்துகளையும் சூட்டுக் காயங்களையும் தவிர்ப்பதற்கான முறைகளைக் குறிக்கும். மெழுகுவர்த்தி இலங்கை வழக்கில் மெழுகுதிரி எனப்படும். குறைந்த முதலீட்டில் செய்யத்தக்க தொழில் என்பதால் தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்களுக்கான பயிற்சிகளில் இது இடம்பெறுவதுண்டு. வீட்டில் இவ்வேலை பெரும்பாலும் சமையலறை அடுப்பிலேயே நடைபெறுகிறது. உருக்கப்படும் பொருள் ஓர் எரிபொருள் என்பது அப்போது எளிதில் மறந்துபோகிறது.

மெழுகின் இயல்பு

பரவலாகப் பயன்படும் பாரஃபின் மெழுகு, பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் ஐதரோகார்பன்களின் கலவை ஆகும். இது வகைக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும்.

உருகிய மெழுகு பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். ஆனால் சூடேறும் விதத்தில் இரண்டும் வேறுபட்டவை. திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் 100 பாகையில் கொதிக்கத் தொடங்கியபின், எவ்வளவு எரித்தாலும் அதன் வெப்பநிலை மேலும் உயர்வதில்லை. பாரஃபினோ 370 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஆகவே குமிழியோ கொதிப்போ இன்றி அதன் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். ஏறத்தாழ 200 பாகையில், அருகிலுள்ள சுடர் பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி வெளிப்படுகிறது. இது தீப்பற்றுநிலை எனப்படும். ஏறத்தாழ 245 பாகையில் சுடர் எதுவும் இல்லாமலேயே மெழுகு எரியத் தொடங்கும். இதனால், சுடர் இல்லாத மின்னடுப்பும் முழுப் பாதுகாப்புத் தருவதன்று.

எரிவது மெழுகின் ஆவியே. மைக்கேல் பாரடே 1860-61 இல் இலண்டனில் சிறுவர்களுக்காக ஆற்றிய மெழுகுவர்த்தி பற்றிய விரிவுரைகளில், சுடரின் நடுவிலிருந்து கண்ணாடிக் குழாய் வழியே ஆவியை வெளிக்கொணர்ந்து, குழாயின் மறுமுனையில் எரியவைத்துக் காட்டினார்.

உருக்கும் முறை

மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பின் மீது வைக்கலாகாது. தண்ணீர் உள்ள அகன்ற பாத்திரத்துக்குள் அதனை வைத்து உருக்க வேண்டும். உட்பாத்திரம் அடியில் தொடாதபடி உலோக வளையம் ஒன்றை இடையில் வைப்பது நன்று. தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது. வார்ப்பதற்குப் பொதுவாக 70 முதல் 85 பாகை வரையே போதுமாகையால் இம்முறையால் வேலை தடைப்படுவதில்லை.

தண்ணீர் வற்றிவிட்டால் இந்தக் காப்பு முழுவதும் போய்விடும். வெளித்தோற்றத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. எனவே அவ்வப்போது வெந்நீர் சேர்க்க வேண்டும். அடுப்பை விட்டு அகலவே கூடாது. தொலைபேசி அழைப்புக்காகச் செல்வதாயினும் அடுப்பை அணைத்துவிட்டே செல்ல வேண்டும். மெழுகிலிருந்து புகை எழுந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்பது பொருள்.

மெழுகைவிடத் தண்ணீர் அடர்த்தி மிக்கது. மெழுகில் விழும் துளி அடியில் தங்கிப் பின்னர் நீராவியாகி மெழுகைத் தெறிக்கச் செய்யும். ஆதலால் பாத்திரமும் அச்சும் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். நறுமண எண்ணெய்கள் சில மெழுகைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றும். அவற்றை அடுப்பை அணைத்த பின்னரே சேர்க்க வேண்டும். தொங்கும் முந்தானை, துப்பட்டா ஆகியவற்றை இழுத்துச் செருகிக்கொள்வது இன்றியமையாதது. குறிப்பாக நைலான், பாலியெசுட்டர் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீப்பற்றினால்

எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. தண்ணீர் மெழுகின் அடியில் சென்று நொடியில் நீராவியாகிறது. அப்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுவதால், எரியும் மெழுகு நுண்துளிகளாக மேலே வீசப்பட்டுக் கூரை வரை எழும் தீப்பிழம்பாகிறது. ஒரு குவளைத் தண்ணீரே இதற்குப் போதும்.

முதலில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியாலோ தாம்பாளத்தாலோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூட வேண்டும். காற்று தடைப்பட்டால் தீ அணையும். பாத்திரம் நன்கு ஆறும் வரை மூடியைத் திறக்கலாகாது. திறந்தால் சூடான ஆவி மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். எரியும் பாத்திரத்தை வெளியே தூக்கிச் செல்ல முயல்வது கூடாது. சிறு தீயின் மேல் சமையல் சோடாவைத் தூவலாம். மாவு தூவக்கூடாது, அதுவே எரியும். தீ பாத்திரத்தைக் கடந்து பரவினால் அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும் (இந்தியாவில் 101, இலங்கையில் 110).

சூட்டுக் காயம்

உருகிய மெழுகு தோலில் ஒட்டிக்கொண்டு வெப்பத்தைத் தொடர்ந்து செலுத்துவதால், அதே வெப்பநிலையிலுள்ள நீரைவிட ஆழமாகச் சுடக்கூடும். காயத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் தொடங்குமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டியுள்ள மெழுகைப் பிய்த்தால் தோலும் உரியும். பேனா மை, பற்பசை, மாவு ஆகியவற்றைப் பூசும் பழக்கம் இன்றும் காணப்படுகிறது. இவை காயத்தை மாசுபடுத்துவதோடு, அதன் ஆழத்தை மருத்துவர் கண்டறியவும் தடையாகின்றன. முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டாலும், குழந்தைகளுக்குச் சுட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திரியும் மீதி மெழுகும்

பருத்தி நூல் திரியே ஏற்றது. திரி நிமிர்ந்து நிற்பதற்காக முன்பு சிலவற்றில் ஈயக் கம்பி இடப்பட்டது. எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதால் ஐக்கிய அமெரிக்காவில் 2003 இல் இது தடை செய்யப்பட்டது. திரியின் உள்ளே உள்ள கம்பியை வெள்ளைத் தாளில் தேய்க்கும்போது சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அதில் ஈயம் இருக்கலாம்.

மீதி மெழுகைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தாளில் ஊற்றி உறையவிட்டால் அடுத்த முறை உருக்கிக்கொள்ளலாம்.