களரியும் மேடையும்

கூத்து 'செம்மைப்படுத்தப்பட்ட' காலம் என்று ஈழத்து நாடக வரலாற்றில் ஒரு கட்டத்தைக் குறிப்பிடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றையும் மேடையேற்றிய காலம் அது. அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அப்படியானால் அதுவரை மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஆடப்பட்டது செம்மையற்றதா?

ஊர்க்கூத்து வட்டக்களரிக்குரியது. நாற்புறமும் சனம். இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கொலுவில் வரும் அரசன் யாருடைய மகன், யாருக்கு மச்சான் என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரியும். தாளம் பிசகினால் அதுவும் தெரியும். பேராதனையில் அந்த இரவு சில நாழிகையாகச் சுருங்கியது. படச்சட்ட மேடையிலே ஒரு பக்கம் பார்த்து ஆடும் ஆட்டமாயிற்று. மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ஆனால் 'இராவணேசன்' என்றதும் நம் நாவில் முதலில் வருவது பேராசிரியரின் பெயர். அடுத்தது, அதை எழுதி ஆடிய சி. மௌனகுருவின் பெயர். அண்ணாவியாரின் பெயர் கேட்டால்தான் வரும்.

நன்றி மறந்து பேசவில்லை. படித்தவர்கள் கூத்தைப் பாமரர் சங்கதி என்று ஒதுக்கிய நாளில் பல்கலைக்கழகம் அதற்குக் கதவைத் திறந்தது. அமிர்தகழியிலே பிறந்த மௌனகுருவும் அதற்கு அந்நியர் அல்லர். 1969இல் அதே வடமோடி ஆட்டத்தைக் கொண்டு 'சங்காரம்' படைத்து வர்க்கப் போராட்டத்தைப் பேசவைத்தார். சுருக்கியதில் எனக்குக் குறையில்லை. ஊரார் வாயால் சொல்லாத 'செம்மை' என்ற தீர்ப்பில்தான் குறை.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் வேறொரு முயற்சி நடந்தது. சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் கூத்தை ஊரிலிருந்து கிளப்பிக்கொண்டு போகவில்லை. களரியிலேயே இருந்து, ஊராரோடு பேசினார்கள். பெண்ணைத் தாழ்த்தும் அடிகளை வைத்திருப்பதா, சாதி பேசும் இடத்தை என்ன செய்வது என்பது ஆடுகிறவர்களின் விவாதமாயிற்று. மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யோசனை இங்கும் பல்கலைக்கழகப் பக்கமிருந்துதான் வந்தது; அதையும் சொல்லவேண்டும். ஆனால் 'அது வேண்டாம்' என்று மறுக்கும் இடம் சலங்கை கட்டியவனுக்கு இருந்தது.

செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலையில்தான் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கூத்தைப் பற்றி ஆய்வு செய்ய வருகிற பிள்ளைகள் அவருடைய ஊர் வழியாகத்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.