29 நிமிடம் 59 விநாடி

தைப்பிங்கில் மழை பிடித்தால் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அது ஓயும்வரை காத்திருந்துதான் பாட்டியைப் பதிவு செய்தேன். காலைப் பெரட்டில் தொடங்கி, பால் வெட்டு, கங்காணி என்று போய், தோட்டம் கைமாறிய நாளுக்கு வந்தார். எந்தக் குடும்பம் எந்த லாரியில் ஏறியது என்று வீடு வீடாகச் சொன்னார். முடிந்ததும் பார்த்தால் கேமரா எப்போதோ நின்றிருந்தது. லாரி அதில் வரவே இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க பாட்டி."

"அதான் சொல்லிட்டேனே ஐயா."

எஞ்சினியர் புத்தி, சூடு, மெமரி கார்டு என்று துருவிப் பார்த்தேன். காரணம் சுங்க வரியில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தொடர்ந்து 30 நிமிடம் பதிவு செய்யும் கருவி வீடியோ கேமராவாகக் கணக்கிடப்பட்டு அதற்கு முன்பெல்லாம் இறக்குமதி வரி விழுந்தது. ஸ்டில் கேமராவுக்கு விழவில்லை. அதனால் பல நிறுவனங்கள் 29 நிமிடம் 59 விநாடியோடு பதிவை நிறுத்தின.

2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 ஒரு மூச்சில் சுமார் 12 நிமிடம்தான் எச்டி வீடியோ பிடிக்கும். சினிமாக்காரர்களுக்கு அது தாராளம். 2010இல் 'ஹவுஸ்' தொடரின் ஆறாம் சீசன் கடைசிப் பகுதியையே அதில் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் தமிழில் 'அச்சமுண்டு! அச்சமுண்டு!' ரெட் ஒன் என்ற சினிமா கேமராவில் வந்தது. நம்மூர் தீபக் குமாரன் மேனன் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. 2005இலேயே தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் 'செம்மண் சாலை'யை டிஜிட்டல் வீடியோவில் முடித்துவிட்டார்.

இவையெல்லாம் கதைகள். 'ஒன்மோர்' என்றால் நடிகர் திரும்பப் பேசுவார். பாட்டி பேசமாட்டார். சினிமா கேமராவில் விசிறி, நல்ல மைக் இணைப்பு, மணிக்கணக்கில் ஓடும் தெம்பு எல்லாம் இருப்பதன் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

இப்போது அந்தக் கோடு அழிந்து வருகிறது. சோனி எஃப்எக்ஸ்3 பார்க்க ஸ்டில் கேமரா மாதிரி, உள்ளே விசிறி. 2023இல் 'தி கிரியேட்டர்' அதில்தான் எடுக்கப்பட்டது. பெரிய சினிமா கேமராவுக்கு என் சம்பளம் எட்டாது. நேர வரம்பில்லாத ஹைப்ரிட் ஒன்றை வாங்கி, மிச்ச வெள்ளியைத் தனி ஒலிப்பதிவுக் கருவியில் போட்டேன். படம் நின்றாலும் குரல் நிற்கக்கூடாது.

போன ஞாயிறு பாட்டியே கேட்டார்: "இப்ப ஓடுதா அது?"

"ஓடுது பாட்டி."

மறுபடியும் பெரட்டிலிருந்து ஆரம்பித்தார். லாரி இன்னும் வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.