மீதி முக்கால் பங்குப் பேருக்காக ஒரு மொழி

1950-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்றொரு சிற்றூர். அங்குள்ள டார்ட்மத் கல்லூரியில் கணிதம் கற்பித்த தாமஸ் கர்ட்ஸ் என்ற இளம் பேராசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாஸ்டனுக்கு ரயிலேறுவார். கையில் இரும்புப் பெட்டி. அதற்குள் துளையிட்ட அட்டைகள். தானும் சக ஆசிரியர்களும் எழுதிய நிரல்கள் அந்த அட்டைகளில் இருந்தன. அவர்களின் கல்லூரியில் கணினி கிடையாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐபிஎம் 704-ஐத்தான் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் பலவும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, மாலையில் அச்சிட்ட தாள்களோடு ஊர் திரும்ப வேண்டும். எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால், அதைத் திருத்தி ஓட்டிப் பார்க்க இன்னும் இரண்டு வாரம்.

அப்போது கர்ட்ஸுக்கு நடந்த ஒன்று பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை என்று நான் நினைக்கிறேன். புள்ளியியல் கணக்கு ஒன்றுக்காக, இயந்திரத்துக்கு நெருக்கமான குறியீட்டிலேயே அவர் நிரல் எழுதினார். விலை உயர்ந்த இயந்திரத்தின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம். மாதக்கணக்கில் பிழை திருத்தியும் நிரல் ஓடவில்லை. இயந்திரத்தின் ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். பிறகு அதே கணக்கை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். ஐந்து நிமிட இயந்திர நேரத்தில் விடை வந்துவிட்டது. மனிதருக்கு எளிதாக இருக்கும் வழியே கடைசியில் இயந்திரத்துக்கும் சிக்கனமாக அமைந்ததை அவர் அனுபவித்தே அறிந்துகொண்டார்.

அவரை டார்ட்மத்துக்கு அழைத்துவந்தவர் கணிதத் துறைத் தலைவர் ஜான் கெமெனி. 1926-இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமை நெருங்கிவந்ததால் குடும்பம் 1940-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. பதின்பருவம் முடியும் முன்பே லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் கணக்குப் போடும் வேலை, பிறகு பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். இருபத்தேழாம் வயதில் டார்ட்மத் வந்துசேர்ந்தார். மேதைகளோடே பழகிய இந்த மனிதர் மேதைகளுக்கான கருவி செய்யும் வேலையில் இறங்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. முதலாண்டு மாணவனுக்குக் கணிதத்தை எப்படிச் சொல்லித்தருவது என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் கவலை.

1959-இல் கல்லூரிக்கு எல்ஜிபி-30 என்ற சிறு கணினி வந்தது; பெரிய மேசை அளவு இருக்கும். அதைப் பட்டப்படிப்பு மாணவர்களின் கையில் கொடுத்தார்கள். பெரிய ஆய்வுக்கூடங்களில் தேர்ந்த வல்லுநர்கள் செய்யும் வேலையை, நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் மொழிபெயர்ப்பியை எழுதுவது உட்பட, பதினெட்டு இருபது வயதுப் பையன்கள் செய்துகாட்டினார்கள். சில காலம் டார்ட்மத்தில் கற்பித்துப் பின் மாசசூசெட்ஸுக்குப் போயிருந்த ஜான் மெக்கார்த்தி, ஒரு கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் நேரப்பகிர்வு முறையை முயன்று பார்க்கலாமே என்று கர்ட்ஸிடம் சொன்னார். கர்ட்ஸ் கெமெனியிடம் போனார். மாணவர்கள் எல்லாரும் கணினி கற்க வேண்டும், அதற்கு நேரப்பகிர்வுதான் வழி என்றார். கெமெனி உடனே ஒப்புக்கொண்டார்.

‘எல்லாரும்’ என்ற அந்த இடத்தில்தான் புதுமை இருந்தது. டார்ட்மத் மாணவர்களில் கால் பங்குப் பேர்தான் அறிவியலும் பொறியியலும் படித்தார்கள். மீதி முக்கால் பங்கு வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல் படித்தவர்கள். நாளைக்கு நிறுவனங்களையும் அரசையும் நடத்தப்போவது இவர்கள். கணினியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் கணினியைப் பற்றி எப்படிச் சரியான முடிவெடுப்பார்கள் என்று கர்ட்ஸும் கெமெனியும் கேட்டார்கள். கணினியைப் பற்றி விரிவுரை ஆற்றிப் பயனில்லை, அவர்களே நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

எல்லாரும் நிரல் எழுதக் கற்க வேண்டுமா என்று இன்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனிதரைத்தான் அளந்து பார்க்கிறார்கள். இவருக்குக் கணக்கு வருமா, வயதாகிவிட்டதே, இனிமேல் இதெல்லாம் எதற்கு என்று. கெமெனியும் கர்ட்ஸும் கேள்வியை இயந்திரத்தின் பக்கம் திருப்பினார்கள். எல்லாரும் கற்க வேண்டுமென்றால் இயந்திரம் எப்படி மாற வேண்டும்? பேசிக் என்ற மொழி முழுக்க இந்தக் கேள்விக்கான விடைதான்.

கர்ட்ஸ் முதலில் ஃபோர்ட்ரானையோ ஆல்கால் என்ற மொழியையோ சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கெமெனி விடவில்லை, புதுமொழிதான் வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஆணையைப் பாருங்கள். ஃபோர்ட்ரானில் ‘டூ 100 ஐ = 1, 10, 2’ என்று எழுத வேண்டும். இந்த மூன்று எண்களில் தொடக்கம் எது, முடிவு எது, தாவல் எது? நூறு என்பது என்ன? தினமும் எழுதுபவருக்கு இது பழகிவிடும். மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வரலாற்று மாணவருக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். பேசிக்கில் அதுவே ‘ஃபார் ஐ = 1 டு 10 ஸ்டெப் 2’. ஒன்றிலிருந்து பத்து வரை, இரண்டிரண்டாக. ஆங்கிலம் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தாலே பொருள் விளங்கிவிடும்.

இப்படி ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார்கள். முழு எண்ணையும் பின்ன எண்ணையும் இயந்திரம் வெவ்வேறு விதமாகச் சேமிக்கும். அந்தக் கவலை பயனருக்கு வேண்டாம், எண் என்றால் எண்தான். விடையை அச்சிட எத்தனை இடம் விட வேண்டும் என்று பயனர் சொல்ல வேண்டியதில்லை, மொழியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். வரி 30-இல் பிழையென்றால் 30 என்று தொடங்கி அந்த வரியை மறுபடி தட்டினால் போதும். பழையது போய்ப் புதியது வந்துவிடும். பிழைச் செய்தி மனிதர் படிக்கும்படி இருக்க வேண்டும். கணினியோடு இணைய ‘ஹலோ’ என்று தட்ட வேண்டும், முடித்துக்கொள்ள ‘குட்பை’. முதல் வடிவத்தில் மொத்தம் பதினான்கு ஆணைகள். இரண்டு விரிவுரைகளில் சொல்லி முடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

கெமெனி 1963-இல் மொழிபெயர்ப்பியை எழுதத் தொடங்கினார். பணத்துக்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தபோது, இவ்வளவு பெரிய வேலையைப் பட்டப்படிப்பு மாணவர்களை வைத்தா செய்யப்போகிறீர்கள் என்று மதிப்பீட்டாளர்கள் ஐயப்பட்டார்கள். பணம் கிடைத்தது. 1964 தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜிஇ-225 கணினியும், தொலைத்தட்டச்சுகளோடு பேசுவதற்கான டேட்டாநெட்-30 இயந்திரமும் கல்லூரிக் கட்டடத்தின் நிலவறைக்கு வந்துசேர்ந்தன. பலருக்கும் நேரத்தைப் பங்கிட்டுத்தரும் மென்பொருளை எழுதிய முக்கியமான இருவர் மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி. இருவரும் மாணவர்கள். 1964 மே 1, அதிகாலை 4 மணி. பக்கத்துப் பக்கத்துத் தட்டச்சுகளில் கெமெனியும் ஒரு மாணவரும் ஒரே சமயத்தில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இருவருக்கும் சரியான விடை வந்தது.

அன்று பிறந்தது ஒரு மொழி மட்டும் என்று சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். கல்லூரி நூலகத்தில் அலமாரிகள் திறந்தே இருக்கும். யாரும் போய் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கணினியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது கெமெனியின் கொள்கை. மாணவர்களுக்குக் கட்டணமில்லை, அனுமதிச் சீட்டில்லை, என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்வியில்லை. விளையாட்டு நிரல் எழுதலாமா? தாராளமாக. 1965-இல் டார்ட்மத் அணி அமெரிக்கக் கால்பந்தில் பிரின்ஸ்டனை வென்றதும் கெமெனியே ஒரு கால்பந்து விளையாட்டு நிரல் எழுதினார். சில ஆண்டுகளில் மாணவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஆனார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் அந்தக் கணினி போய்ச்சேர்ந்தது.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அன்று டார்ட்மத் ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. ‘எல்லாரும்’ என்று சொன்னபோது மனிதகுலத்தின் பாதி அந்த வளாகத்தின் வகுப்பறையில் இல்லை. கெமெனி 1970-இல் கல்லூரித் தலைவரான பிறகு, 1972-இல்தான் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1979-இல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை விசாரிக்க அதிபர் கார்ட்டர் அமைத்த ஆணையத்துக்கும் கெமெனிதான் தலைவர். அந்த அறிக்கை அடிப்படைக் கோளாறு கருவிகளைவிட மனிதர்களைச் சார்ந்ததென்றது: போதாத பயிற்சி, குழப்பும் கட்டுப்பாட்டு அறை, ஒரே நேரத்தில் அலறிய நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். இயந்திரத்தின் முன் உட்காரும் மனிதருக்கு அது புரிய வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்காகச் சொன்னவர், அது புரியாமல்போனால் என்ன ஆகும் என்பதை அணு உலையில் நேரில் கண்டார்.

பேசிக் பிறகு ஊரூராகப் பரவியது. 1975-இல் ஆல்டேர் என்ற சிறுகணினிக்கு பில் கேட்ஸும் பால் ஆலனும் அதை எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட்டின் முதல் சரக்கு அதுதான். அதே ஆண்டு டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக்கில் பழகிய மாணவர்களை நல்ல நிரலாளர்களாக்கவே முடியாது என்று மிகக் கடுமையாக எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வரிக்கு வரி தாவச் சொல்லும் ‘கோடூ’ ஆணையைக் கண்டபடி பயன்படுத்தினால் நிரல் சிக்கிய நூல்கண்டுபோல் ஆகிவிடும். ஆனால் அவர் மனத்தில் இருந்தவர் தொழில்முறை நிரலாளர். கெமெனியும் கர்ட்ஸும் நினைத்துப்பார்த்தவர் வேறு ஆள்.

அந்த வேறு ஆளை வீட்டுக்கே தேடிப்போனது பிபிசி. 1982 ஜனவரியில் கணினி எழுத்தறிவுக்கென்று ஒரு தொலைக்காட்சித் தொடரை அது தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளோடு, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வயதுவந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொடர். கூடவே கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினியும் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டாயிரம் போனால் போதும் என்று எதிர்பார்த்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்கான பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். டைக்ஸ்ட்ரா சுட்டிய குறைகளில் பலவற்றுக்கு அவருடைய வடிவத்தில் மருந்து இருந்தது. எண்பதுகளின் நடுவில் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான். தமிழ்நாட்டிலும் எண்பது, தொண்ணூறுகளில் கணினிப் பயிற்சி மையத்துக்குப் போனவர்கள் பலருக்கு முதல் பாடம் ‘10 பிரிண்ட்’ என்று தொடங்கியது.

இன்று பேச்சுத்தமிழில் கேட்டாலே நிரல் எழுதித்தரும் செயலிகள் வந்துவிட்டன, இனிமேல் ஏன் கற்க வேண்டும் என்பார்கள். எழுதித்தந்தது சரியா என்று யார் பார்ப்பது? முதலில், என்ன வேண்டும் என்று படிப்படியாக, விட்டுப்போகாமல் யார் சொல்வது? நிரலாக்கத்தின் சாரமே அதுதான். பிழைப்புக்காக எல்லாரும் நிரலாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, ரேஷன், ஓய்வூதியச் சான்று, மருத்துவமனை வரிசை என்று அன்றாட வாழ்வின் ஒவ்வொரு கதவிலும் நிரல் நின்று விதி சொல்லும் காலத்தில், அந்த விதியை மனிதர்தான் எழுதினார், மாற்றியும் எழுதலாம் என்பது கையால் செய்துபார்த்தவருக்குத்தான் உறைக்கும். முதியவர்களுக்கு இது கூடுதலாகவே வேண்டும். அந்தக் கதவுகளில் அதிகம் நிற்பவர்கள் அவர்கள்.

ஜப்பானின் மசாகோ வாகாமியா 1935-இல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதிய தாயை வீட்டிலிருந்து கவனிக்கும்போது வெளியுலகத் தொடர்பு அற்றுப்போகக் கூடாது என்று அறுபது வயதை ஒட்டிக் கணினி வாங்கினார். திறன்பேசி விளையாட்டுகளில் விரல் வேகமான இளைஞரிடம் எப்போதும் தோற்கவேண்டியிருந்தது. முதியவர்கள் ஜெயிக்கும்படி ஒன்று செய்துதாருங்கள் என்று நிரலாளர்களிடம் கேட்டார். முதியவர்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே செய்யுங்கள் என்றார்கள். தொலைவில் இருந்த இளைஞர் ஒருவர் இணைய அழைப்பில் ஸ்விஃப்ட் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். 2017-இல், 81 வயதில், ‘ஹினாதான்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். அந்த ஆண்டு ஆப்பிளின் நிரலாளர் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். மார்ச் 3 அன்று ஜப்பானியர் வீடுகளில் அடுக்குகளில் பொம்மை வைப்பார்கள், நம் வீட்டுக் கொலு போல. அரசன், அரசி, பணிப்பெண்கள், இசைக்கலைஞர்கள் என்று எந்தப் பொம்மை எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு முறை உண்டு. பன்னிரண்டு பொம்மைகளை நான்கு அடுக்குகளில் சரியாக வைப்பதுதான் விளையாட்டு. வேகம் தேவையில்லை; நினைவில் மரபு இருப்பவர் ஜெயிப்பார். திரையில் விரலை இழுப்பது முதியவர்களுக்குச் சிரமம் என்று தெரிந்து, தட்டினாலே போதும் என்று வைத்தார்.