ஆர்க்கிமிடீஸும் அவரைக் காத்த அரபு ஏடுகளும்

நமது கோட்டக்குப்பத்திற்குத் தெற்கே, புதுவையைக் கடந்து சென்றால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945-ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற அகழாய்வில் ரோமாபுரி நாட்டு மண்கலங்களும் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. சங்கப் புலவர்கள் ‘யவனர்’ என்று குறிப்பிட்ட கிரேக்க, ரோமானிய வணிகர்களோடு இக்கடற்கரை கொண்டிருந்த தொடர்புக்கு அவை சான்றுகளாகும். அந்த யவனர் உலகம் ஈன்றெடுத்த மாபெரும் கணித மேதையே ஆர்க்கிமிடீஸ். அவரது நூல்கள் நம் காலம் வரை வந்து சேர்ந்த வரலாற்றில் அரபு மொழிக்கும் பெரும் பங்கு உண்டு. ஜமாஅத்தார் அனைவரும், குறிப்பாக நம் மாணவச் செல்வங்கள், இவ்வரலாற்றை அறிந்து கொள்வது நலம்.

பிறப்பும் பணியும்

ஆர்க்கிமிடீஸ் கி.மு. 287-ஆம் ஆண்டளவில், சிசிலித் தீவிலுள்ள சிராக்கூஸ் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் பிடியாஸ். அவர் ஒரு வானியல் அறிஞர். ஆர்க்கிமிடீஸின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மன்னர் ஹியரோவின் பொற்கிரீடக் கதை. கிரீடத்தில் பொற்கொல்லர் வெள்ளியைக் கலந்து விட்டாரோ என்று மன்னர் ஐயுற்றார். கிரீடத்தைச் சிதைக்காமல் அதனைக் கண்டறிய வேண்டும். குளியல் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததைக் கண்டு ஆர்க்கிமிடீஸுக்கு விடை தோன்றியது என்பர். அவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விட்ருவியஸ் என்னும் ரோமானியர் எழுதி வைத்த கதை இது.

கதை எவ்வாறாயினும் அதிலுள்ள கணக்கு மெய்யானது. ஒரு கிலோ தூய தங்கம் சுமார் 52 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். அதில் 300 கிராம் தங்கத்தை எடுத்து விட்டு அதே எடைக்கு வெள்ளியைச் சேர்த்தால் சுமார் 65 கன சென்டிமீட்டர் ஆகி விடும். தொட்டியில் வழியும் நீரை வைத்து இச்சிறு வேறுபாட்டை அளப்பது கடினம். ஆனால் தராசின் ஒரு தட்டில் கிரீடத்தையும் மறு தட்டில் அதே எடையுள்ள தூய தங்கத்தையும் வைத்து, இரண்டையும் நீருக்குள் அமிழ்த்தினால், கலப்படக் கிரீடம் 13 கிராம் அளவுக்கு இலேசாகி மேலே எழும்பும். நீரில் அமிழும் பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமாகத் தன் எடையில் குறைந்து காணப்படும் என்பதே அவர் ‘மிதக்கும் பொருள்கள்’ பற்றிய நூலில் நிறுவிய விதி. இரும்புக் கப்பல் கடலில் மிதப்பதும் இவ்விதியினாலேயே.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நாம் ‘பை’ என்கிறோம். வட்டத்திற்கு உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட உருவங்களை அமைத்துக் கணக்கிட்டு, அந்த எண் 223/71-ஐ விடப் பெரியது, 22/7-ஐ விடச் சிறியது என்று அவர் நிறுவினார். நம் பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 என்பது அவர் கண்ட மேல் எல்லையே. நீரை மேலேற்றும் திருகு இயந்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சாய்ந்த குழாய்க்குள் திருகாணி போன்ற அச்சைச் சுழற்ற, நீர் படிப்படியாக மேலேறும்.

கி.மு. 214-ல் ரோமானியப் படை சிராக்கூஸை முற்றுகையிட்டபோது, அவர் அமைத்த பொறிகள் நகரை நெடுநாள் காத்தன. கண்ணாடிகளால் கதிரொளியைக் குவித்து எதிரிகளின் கப்பல்களை எரித்தார் என்னும் கதையை மட்டும், அப்போரை விரிவாக எழுதிய பொலிபியஸ் முதலிய பழைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடவில்லை. கி.மு. 212-ல் நகரம் வீழ்ந்தது. ஒரு ரோமானியப் போர்வீரனின் வாளுக்கு அம்மேதை இரையானார்.

பாக்தாதில் கிடைத்த மறுவாழ்வு

ஓர் அறிஞரின் உடல் மறைந்தாலும் நூல் நிலைக்கும் என்பார்கள். ஆனால் நூல் தானாக நிலைப்பதில்லை. அச்சு இயந்திரம் இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் ஒருவர் கையால் படியெடுத்தால் மட்டுமே அது அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அப்பணி நடந்தது. கலீஃபா மஃமூன் அவர்களின் ஆதரவில் வளர்ந்த முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று சகோதரர்களை ‘பனூ மூஸா’ என்று வரலாறு அழைக்கிறது. அவர்கள் தம் செல்வத்தைச் செலவிட்டு கிரேக்க ஏடுகளைத் தேடிச் சேகரித்தனர். ஆர்க்கிமிடீஸின் வழியைப் பின்பற்றி, வட்டம், உருண்டை ஆகியவற்றின் அளவுகள் குறித்துத் தாமே ஒரு நூலும் இயற்றினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் ஆர்க்கிமிடீஸின் முறையை அறிய ஒரு வாயிலாயிற்று.

மூவரில் மூத்தவரான முஹம்மது, ஹர்ரான் நகரில் நாணயம் மாற்றும் தொழில் செய்து வந்த தாபித் இப்னு குர்ராவின் மொழித்திறனைக் கண்டு பாக்தாதுக்கு அழைத்து வந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாபித் முஸ்லிம் அல்லர். ஸாபியீன் சமயத்தைச் சார்ந்தவர். அறிவைத் தேடியவர்கள் அதனைத் தடையாகக் கருதவில்லை. ஏழு பக்கங்களும் சமமான உருவத்தை வட்டத்திற்குள் வரைவது குறித்து ஆர்க்கிமிடீஸ் எழுதியதாகக் கருதப்படும் நூலின் கிரேக்க மூலம் இன்று இல்லை. தாபித் செய்த அரபு மொழிபெயர்ப்பு மட்டுமே எஞ்சியுள்ளது.

அரபு வழி அறிஞர்கள் காத்ததோடு நில்லாமல் மேலும் வளர்த்தனர். மர்வு நகரில் கிரேக்க அடிமையாக இருந்து, எசமானரால் கல்வி அளிக்கப்பெற்ற அல்காஸினீ, 1121-ஆம் ஆண்டளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை எழுதினார். உலோகக் கலப்படத்தை நீரில் நிறுத்துக் கண்டறியும் ஐந்து தட்டுத் தராசை அதில் விளக்கினார். 1424-ல் சமர்கந்தில் ஜம்ஷீத் அல்காஷி, பக்கங்களைப் பெருக்கிச் செல்லும் அதே ஆர்க்கிமிடீஸ் முறையைக் கையாண்டு, ‘பை’யின் மதிப்பைத் தசமப் புள்ளிக்குப் பின் 16 இலக்கங்கள் வரை சரியாகக் கண்டார்.

அழிக்கப்பட்ட ஏடு

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தோலில் எழுதப்பட்ட ஆர்க்கிமிடீஸ் ஏடு ஒன்றின் எழுத்துகளைப் பின்னர் ஒருவர் சுரண்டி எடுத்து விட்டு, 1229-ல் அதே தோலின் மேல் கிறிஸ்தவப் பிரார்த்தனை நூலை எழுதினார். அவருக்குத் தேவைப்பட்டது எழுதுவதற்குத் தோல். அதில் முன்பு இருந்தது என்ன என்பதன் அருமை அவருக்குத் தெரியவில்லை. 1906-ல் ஹைபர்க் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்துகளைப் படித்து, உலகம் இழந்து விட்டதாக எண்ணிய நூல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1998-ல் அவ்வேடு இருபது இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல்வகை ஒளிக்கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுத்து, அதன் பெரும்பகுதியை மீட்டனர்.

நமக்குரிய பாடம்

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய கிதாபுகளும் குடும்பக் குறிப்பேடுகளும் தமிழகக் கடற்கரையூர்களின் பழைய வீடுகளில் இருந்து வந்துள்ளன. வீடு இடித்துக் கட்டப்படும்போது, படிக்கத் தெரியவில்லை என்ற காரணத்தால் அவை பழைய தாளோடு தாளாகப் போய் விடக் கூடாது. எறிவதற்கு முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவோம். கைபேசியிலாவது படமெடுத்து வைப்போம். அவ்வாறே, கணக்கில் ஆர்வமுள்ள ஏழைப் பிள்ளை ஒருவர் நம் தெருவில் இருந்தால், பனூ மூஸா சகோதரர்கள் தாபித்துக்குச் செய்ததை நாமும் செய்வோம். தாபித்தை அழைத்து வர ஒருவர் முன்வந்திராவிட்டால், ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று இன்று நம்மிடம் இருந்திராது.