ஆண்டு மலர்களும் ஊர் வரலாறும்: உருத்திரபுரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

குடியேற்ற ஊர்களின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் எதிர்கொள்வது சான்றுகளின் வறுமையாகும். உருத்திரபுரமும் இதற்கு விலக்கன்று. உருத்திரபுரீச்சரத்தின் தொன்மை பற்றியும் இரணைமடுக் குளம் பற்றியும் எழுதியோர் உளர். காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அரச ஏடுகள் ஏக்கர்க் கணக்கைக் கூறும், மனிதரைக் கூறா. இவ்விடைவெளியை ஓரளவேனும் நிரப்பவல்லவை பாடசாலை ஆண்டு மலர்களாகும்.

பழைய மாணவன் மலரைப் புரட்டித் தன் கவிதையைத் தேடுவான். வரலாற்று மாணவன் தேடவேண்டியவை வேறு. அதிபர் அறிக்கையில் மாணவர் தொகை ஏறி இறங்குதல் குடிவரவின் அளவுகோலாகும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் கிளிநொச்சிப் பகுதிக்கு வந்துசேர்ந்த மலையக மக்களின் பிள்ளைகளும் அத்தகைய தொகைகளுள் அடங்குவர். இறுதிப் பக்க விளம்பரங்களோ அரிசி ஆலை, உரக்கடை, உழவு இயந்திரத் திருத்தகம் என ஊரின் பொருளியலையே காட்டவல்லன. மின்வருடும்போது இப்பக்கங்களைத் தேவையற்றவையென விட்டுவிடுவது பெருந்தவறு என்பதே எமது கருத்து.

மலர்களின் அழிவுக்குக் கறையானை மட்டும் குற்றங்கூறுதல் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமை உலகறிந்த செய்தி. ஆயின் 1996இல் கிளிநொச்சி மக்கள் அக்கராயன், மல்லாவி முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தபோதும், 2008-2009இல் முல்லைத்தீவுக் கரைவரை ஒதுங்கியபோதும் வீட்டு அலுமாரிகளோடு போனவற்றை எண்ணியவர் எவர்? குடும்பப் படங்களையும் இழந்தோர் பலர். மாண்ட பிள்ளையின் முகம் ஒரு வகுப்புப் படத்தில் மட்டுமே எஞ்சியிருத்தலும் கூடும். அப்படத்தின் கீழுள்ள பெயர் வரிசையை ஓரம் வெட்டாது பதிவுசெய்தல் வேண்டும்.

2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் எண்ணிமப்படுத்தி வந்துள்ளது. இடப்பெயர்வுக்கு முன்பே வெளிநாடு சென்ற பழைய மாணவரிடமும் பிரதிகள் இருக்கலாம். அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையாது, வண்ணத்திலேயே வருடுதல் நன்று. துருவேறிய கம்பிகளைப் பிடுங்குதலும், ஈரத்தால் ஒட்டிய வழுவழுப்பான தாள்களை இழுத்துப் பிரித்தலும் ஆகா. மின்படி கிடைத்ததும் மூலத்தை எறிவோரும் உளர்! வன்தட்டும் பழுதடையும் பொருளே. மின்படிகள் வெவ்வேறு ஊர்களில் மூன்றேனும் இருத்தல் வேண்டும். மூலம் அமிலமற்ற உறையுள் இருத்தல் வேண்டும்.

ஒன்று மட்டும் எளிதில் தீர்வதன்று. போர் கண்ட மண்ணில், உயிரோடிருப்போரின் படங்களையும் முகவரிகளையும் எல்லார்க்கும் திறந்துவிடுதல் தகுமா? பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு. முன்னதை இன்றே தொடங்கலாம். பின்னதை ஊராரையும் பழைய மாணவரையும் கேட்டே செய்தல் வேண்டும்.