அடுப்புக்குப் போன ஆராய்ச்சி

1786, கல்கத்தா. நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகக் கூட்டத்தில் எழுந்து, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்றார். மொழிகளை ஒப்பிட்டு உறவு காணும் துறைக்கு அந்தப் பேச்சு பெரும் உந்துதல் தந்தது. கூடவே ஒரு தவறும் வேர்விட்டது. தென்னாட்டு மொழிகளும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகளே என்று கல்கத்தா அறிஞர்கள் தீர்மானித்துவிட்டார்கள். சென்னையில் ஒருவருக்கு மட்டும் அது உறுத்தியது.

அவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டர், திருக்குறளில் தோய்ந்தவர். 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாக முன்னின்றவர். அங்கிருந்த பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்திருந்தார். எல்லிஸ் அவற்றின் பக்கத்தில் தமிழ், கன்னட வேர்களை வரிசையாக அடுக்கினார். இரவல் நகைகளைக் கழற்றிவைத்தது போல வடசொற்களை விலக்கியதும் மூன்றிலும் ஒரே முகச்சாயல் தெரிந்தது. சமஸ்கிருத வேர்களோ வேறு இனமாக நின்றன. 1816இல் இது அச்சேறியது, ஆனால் தனி நூலாக அல்ல. ஏ. டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் ஒரு குறிப்பாக! நாற்பது வயதுவரை நூல் எதுவும் வெளியிடுவதில்லை என்பது எல்லிஸின் வைராக்கியம்.

நாற்பது கடந்தது. 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சை விழுங்கி எல்லிஸ் இறந்துபோனார். மதுரையில் கேட்பாரற்றுக் கிடந்த அவருடைய தாள்களைக் கலெக்டர் வீட்டுச் சமையற்காரர் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் எடுத்தார் என்று சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் பின்னாளில் பதிவு செய்தார். ஒரு வாழ்நாள் உழைப்பு அப்படிச் சாம்பலானதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அத்தோடு எல்லாம் முடிந்ததா?

1856இல் இடையன்குடிப் பாதிரியார் ராபர்ட் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் ‘திராவிட மொழிக் குடும்பம்’ அதன் வழியேதான் உலகம் அறிந்த உண்மையாயிற்று. இத்துறையில் முதலில் இறங்கியவர் எல்லிஸ் என்று கால்டுவெல் எழுதியும் அந்தப் பெயர் மங்கிக்கொண்டே போனது.

பிறகு ரப்பர் வந்தது. பேராக்கிலும், மலாயாவின் மற்ற மாநிலங்களிலும் இருந்த பால்மரக் காடுகளுக்குத் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் கப்பலேறி வந்தார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஒருவர் ‘மூன்று’ என்றால் இன்னொருவர் ‘மூடு’ என்றார், மற்றவர் ‘மூன்னு’ என்றார். எல்லிஸ் அடுக்கிய வரிசை கடல் கடந்தும் கலையவில்லை. அதை அடுக்கியவர் யார் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

2006இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன், அந்தத் தெலுங்கு இலக்கண முன்னுரைக் குறிப்பை மையமாக வைத்து ஒரு நூலே எழுதினார். எல்லிஸ் தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் அடுப்புக்குத் தப்பி, எடின்பரோ நூலகத்தில் பத்திரமாக இருந்தன.